இறைநம்பிக்கையும் பொதுப்பணியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொதுப்பணிக்குப் புதிதாக வருபவர்களுக்குப் பல ஆண்டுகளாக வகுப்பெடுத்து வருகிறேன். விதிமுறை, கோப்பு, கணக்கு பற்றியெல்லாம் எல்லோர் முன்னாலும் கேட்டுவிடுவார்கள். வகுப்பு முடிந்து கூட்டம் கலைந்த பிறகு ஒருவர் மட்டும் தயங்கி நிற்பார். அவர் கேட்பது பெரும்பாலும் கடவுள் சம்பந்தப்பட்டதாக இருக்கும். வெளியே சொன்னால் சிரிப்பார்களோ, மதவெறி பிடித்தவன் என்று நினைத்துவிடுவார்களோ என்கிற கூச்சம். திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்கள் வருவதால், அவரவர் கேட்ட பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். நான் நம்பிக்கை உள்ளவன். என் பதில்களில் அந்தச் சாய்வு இருக்கும் என்பதைத் தெரிந்துகொண்டே படியுங்கள்.

பொதுப்பணின்னா அரசாங்க வேலை மட்டும்தானா?

இல்லை. நீதிபதி, தூய்மைப் பணியாளர், செவிலியர், கிளார்க், சட்டமன்ற உறுப்பினர், இலவச மருத்துவமனை நடத்துபவர் எல்லோரும் இதில் சேர்த்தி. எனக்கு அடையாளம் ஒன்றுதான்: உங்கள் முன்னால் நிற்பவருக்கு வேறு வழி கிடையாது. கடையில் பிடிக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போகலாம். பிறப்புச் சான்றிதழுக்கு அடுத்த கடை இல்லை. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் வரும் பல பதில்கள் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

நீங்க சொல்ற நம்பிக்கை எந்த மதத்தோடது?

எந்த மதமானாலும். கீழே நான் சொல்லப்போகிறவர்களில் பௌத்தர், முஸ்லிம், கத்தோலிக்கர், ஆங்கிலிக்கன் திருச்சபையைச் சேர்ந்தவர், அரவிந்தரைப் பின்பற்றியவர் எல்லோரும் இருக்கிறார்கள். ஒரு நாத்திகரும் இருக்கிறார்.

சாமி கும்பிடறவங்கதான் நேர்மையா வேலை செய்வாங்கன்னு சொல்ல வர்றீங்களா?

அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது. காலையில் மனமுருகப் பிரார்த்தித்துவிட்டு மதியம் லஞ்சம் வாங்குபவர்களை நாம் எல்லோருமே பார்த்திருக்கிறோம். தனிமனிதர் மட்டுமல்ல, அமைப்புகளும் அப்படித்தான். பிரிட்டனில் அடிமை வணிகத்துக்கு எதிராக முதலில் திரண்டவர்கள் பக்திமான்கள். 1787-இல் அதற்கென ஒரு குழு அமைத்த 12 பேரில் 9 பேர் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர். அதே காலத்தில் இங்கிலாந்துத் திருச்சபையின் மதப்பரப்புச் சங்கம் ஒன்று பார்படாஸ் தீவில் அடிமைகளை வைத்துக் கரும்புத் தோட்டம் நடத்திக்கொண்டிருந்தது. சங்கத்துக்குச் சொந்தம் என்று காட்ட அடிமைகளின் மார்பில் சூட்டுக்கோலால் எழுத்துப் பொறித்த காலமும் உண்டு. இரு தரப்பின் கையிலும் இருந்தது ஒரே வேதப் புத்தகம்.

மறுபக்கம் சார்லஸ் பிராட்லா. வெளிப்படையான நாத்திகர். 1880-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். ஆனால் உள்ளே உட்கார 6 ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. இந்திய மக்களின் குறைகளை அந்தச் சபையில் விடாமல் எழுப்பியவர்களில் அவர் முக்கியமானவர். கடவுள் இல்லாமலும் கடமை உண்டு என்பதற்கு அவருக்கு மேல் சாட்சி வேண்டாம்.

அப்புறம் நம்பிக்கை என்னதான் பண்ணுது?

முதலில், எதிரே நிற்பவரைப் பார்க்கும் பார்வையை மாற்றுகிறது. அப்துல் கஃபார் கான் 1929-இல் பட்டாணியர்களிடையே தொடங்கிய இயக்கத்தின் பெயர் குதாயி கித்மத்கார். கடவுளின் ஊழியர்கள் என்று பொருள். சேர்பவர்கள் எடுத்த உறுதிமொழியின் சாரம் இது: கடவுளுக்கு யாருடைய சேவையும் தேவையில்லை; அவர் படைத்தவர்களுக்குச் செய்வதே அவருக்குச் செய்வது. ஒரு நிமிடம் நிறுத்தி யோசித்துப் பாருங்கள். வரிசையில் நாற்பதாவது ஆளாக, தப்பாக நிரப்பிய படிவத்தோடு ஒருவர் வருகிறார். அவர் உங்களுக்குத் தொந்தரவா, இல்லை நீங்கள் வணங்குபவரிடம் போய்ச் சேரும் வழியா? நம்பிக்கை உள்ளவனுக்கு இது அலங்காரப் பேச்சு அல்ல. நிஜமாகவே அப்படித்தான் என்று அவன் நினைக்கிறான். நினைத்தால் குரல் மாறும்.

இரண்டாவது, கண்ணால் பார்த்த துயரத்தை மறக்க விடாமல் வைத்திருக்கிறது. 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கில் ஒரு சட்டைத் தொழிற்சாலை தீப்பிடித்து 146 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் இளம்பெண்கள். கதவு பூட்டியிருந்ததால் மாடியிலிருந்து குதித்தவர்களைத் தெருவில் நின்று பார்த்தவர்களில் ஃபிரான்சஸ் பெர்கின்ஸ் ஒருவர். அன்று பார்த்த பலர் அழுதிருப்பார்கள், நாலு நாள் பேசியிருப்பார்கள். பெர்கின்ஸ் அதை 22 ஆண்டுகள் சுமந்துபோய் 1933-இல் அமெரிக்கத் தொழிலாளர் துறை அமைச்சராக உட்கார்ந்தார். அந்நாட்டு அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் பெண் அவர். 1935-இல் வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டம், 1938-இல் குறைந்தபட்சக் கூலியையும் வேலை நேர வரம்பையும் கொண்டுவந்த சட்டம் இரண்டிலும் அவர் கை உண்டு. தான் வாஷிங்டனுக்கு வந்தது கடவுளுக்காகவும் குடியரசுத் தலைவருக்காகவும் மறக்கப்பட்ட சாதாரண உழைப்பாளிகளுக்காகவும் வேலை செய்யத்தான் என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்த வரிசையில் கடவுள்தான் முதலில் வருகிறார்.

மூன்றாவது, தாக்குப்பிடிக்கும் சக்தி. அதைப் பற்றிக் கீழே சோர்வைப் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

பக்தி இருந்தா போதுமா, திறமை வேண்டாமா?

நல்ல மனசு இருக்கிறது என்பதற்காகத் தப்பாகக் கட்டிய பாலம் நிற்காது. ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் 16 வயதில், 1837-இல், கடவுள் தன்னைச் சேவைக்கு அழைத்ததாக உணர்ந்தவர். விளக்கேந்தியபடி நோயாளிகளைப் பார்த்துப் போகும் அவருடைய சித்திரத்தைத்தான் பலருக்கும் தெரியும். எனக்குப் பிடித்தவர் அட்டவணை போட்ட நைட்டிங்கேல். கிரிமியப் போரில் எத்தனை வீரர்கள் எதனால் இறந்தார்கள் என்று மாதவாரியாகக் கணக்கெடுத்து, காயத்தைவிடத் தடுக்கக்கூடிய நோய்களே அதிகம் பேரைக் கொன்றன என்பதை 1858-இல் வரைபடமாகக் காட்டினார். உலகம் கடவுளின் விதிகளின்படி இயங்குகிறது, அந்த விதிகளைக் கணக்கெடுத்துத்தான் கண்டுபிடிக்க முடியும் என்பது அவர் கருத்து. அவருக்குப் புள்ளிவிவரம் வழிபாட்டுக்கு வெளியே இருந்த வேலை அல்ல.

கண் மருத்துவர் கோவிந்தப்ப வெங்கடசாமியையும் சொல்ல வேண்டும். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர். அந்த விரல்களால் கத்தியைப் பிடிக்கத் தானே பழகி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைசிகிச்சைகளைச் செய்தார். அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற 1976-இல் 11 படுக்கைகளோடு மருத்துவமனை தொடங்கி, தன் குரு அரவிந்தரின் பெயரை வைத்தார். ஒரே நாளில் கூடுதல் பேருக்குச் சிகிச்சை தர முடியும்படி ஒவ்வொரு அசைவையும் திட்டமிட்டார். தியானம் செய்தவர்தான்; நிமிடக் கணக்கும் பார்த்தார்.

மனசு முழுக்க ஆன்மிகத்துலயே இருக்கு. வேலையை விட்டுட்டு அதுக்கே போயிடலாமா?

இதே கேள்வியோடு 1785 டிசம்பரில் ஒரு 26 வயது நாடாளுமன்ற உறுப்பினர் ஒரு பாதிரியார் வீட்டுக்குப் போனார். வில்லியம் வில்பர்ஃபோர்ஸ். புதிதாகப் பக்தி வந்திருந்தது, அரசியல் அழுக்காகத் தெரிந்தது. அந்தப் பாதிரியார் ஜான் நியூட்டன், ஒரு காலத்தில் அடிமைக் கப்பலின் தலைவனாக இருந்து மனம் மாறியவர். வா, துறந்துவிடு என்று அவர் சொல்லியிருக்கலாம். இருக்கும் இடத்திலேயே இரு என்றார். அந்த ஒரு பதில் இல்லாவிட்டால் அடிமை வணிக ஒழிப்புக்கு நாடாளுமன்றத்தில் அப்படியொரு குரல் இருந்திருக்காது.

எல்லோருக்கும் அதே பதில் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் என்னிடம் கேட்பவர்களில் பலருக்கு உண்மையில் இருப்பது துறவு ஆசை அல்ல, மேலதிகாரியோடு ஒத்துவராத அலுப்பு. அதை முதலில் பிரித்துப் பாருங்கள்.

இத்தனை வருஷமா ஒண்ணுமே மாறலையே சார். எதுக்கு உயிரைக் கொடுக்கணும்?

வில்பர்ஃபோர்ஸின் கதையை இன்னும் கொஞ்சம் கேளுங்கள். 1791-இல் அவர் கொண்டுவந்த மசோதா 88-க்கு 163 என்று தோற்றது. பிறகும் பலமுறை தோற்றது. 1807-இல் 16-க்கு எதிராக 283 வாக்குகளில் வென்றது. அதுவும் அடிமைகளை வாங்கி விற்பதற்கு மட்டும்தான் தடை. அடிமை முறையையே ஒழிக்கும் மசோதா மக்களவையில் நிறைவேறுவது உறுதியானது 1833 ஜூலையில். செய்தி கேட்ட மூன்றாம் நாள் அவர் இறந்துபோனார். முடிவு தன் கையில் இல்லை, முயற்சி மட்டுமே தன் பொறுப்பு என்று நினைப்பவரால்தான் இத்தனை தோல்விக்குப் பிறகும் அடுத்த ஆண்டு அதே தாளோடு எழுந்து நிற்க முடியும்.

இன்னொன்று ஓய்வு. பெர்கின்ஸ் அமைச்சராக இருந்த 12 ஆண்டுகளில் அடிக்கடி ஒரு கன்னியர் மடத்துக்குப் போய் மௌனமாக இருந்துவிட்டு வருவார். பத்திரிகைகளும் எதிர்க்கட்சியும் அவரைக் கிழித்துக்கொண்டிருந்த நேரத்திலும் அதை விடவில்லை. ஐ.நா. பொதுச்செயலாளர் டாக் ஹாமர்ஷோல்ட் தலைமையகக் கட்டடத்திலேயே ஒரு மௌன அறையை 1957-இல் தன் நேரடிக் கவனத்தில் அமைக்கச் செய்தார். நடுவில் 6.5 டன் எடையுள்ள இரும்புத்தாதுப் பாறை, அதன்மேல் ஒரே ஒரு ஒளிக்கற்றை. எந்த மதச் சின்னமும் கிடையாது. யாரும் வந்து அவரவர் கடவுளோடோ கடவுள் இல்லாமலோ உட்காரலாம். நீங்கள் சோர்ந்திருப்பது நம்பிக்கைக் குறைவால் என்று உங்களையே குற்றம் சொல்லிக்கொள்ளாதீர்கள். பல நேரம் தூக்கக் குறைவுதான் காரணம். மனச்சோர்வு நாள்கணக்கில் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள், பிரார்த்தனையும் நடக்கட்டும்.

மேசையில சாமி படம் வைக்கலாமா? உடம்புல மதச் சின்னம் இருக்கலாமா?

நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. பிரான்சில் அரசு ஊழியர் பணியில் இருக்கும்போது மதச் சின்னம் தெரியவே கூடாது. கனடாவில் மத்தியக் காவல் படையில் சீக்கியர்கள் தலைப்பாகையோடு பணியாற்ற 1990-இல் அனுமதி கிடைத்தது. முதலில் உங்கள் அலுவலக விதியைப் படியுங்கள்.

விதி இடம் கொடுத்தால், என் கருத்து இது. உடம்பில் இருப்பது நீங்கள் யார் என்று சொல்கிறது. அதற்கு யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. மேசையில், பொதுச் சுவரில் இருப்பது அந்த அலுவலகம் யாருடையது என்று சொல்கிறது. வேற்று மதக்காரர் ஒருவர் உள்ளே நுழைந்து அந்தப் படத்தைப் பார்த்ததும் 'நம்ம காரியம் நடக்குமா' என்று ஒரு நொடி தயங்கினால்கூட அது அதிகம்.

கஷ்டத்துல வர்றவங்ககிட்ட 'உங்களுக்காகப் பிரார்த்தனை பண்றேன்'னு சொல்லலாமா?

மனதுக்குள் தாராளமாகச் செய்யுங்கள். வாய்விட்டுச் சொல்வதற்கு முன்னால் முதல் பதிலை நினைத்துப் பாருங்கள்: அவருக்கு வேறு வழி இல்லை. 'வேண்டாம்' என்று சொன்னால் கோப்பு தள்ளிப்போகுமோ என்ற பயம் அவருக்கு இருக்கும். மறுக்க முடியாதவரிடம் நீட்டும் பிரார்த்தனையில் அன்பு இருந்தாலும் அழுத்தமும் கலந்துவிடுகிறது. அவரே கேட்டால் மனதாரச் சொல்லுங்கள்.

நம்ம ஆளுங்க வந்தா கொஞ்சம் சீக்கிரம் முடிச்சுக் கொடுக்கறதுல என்ன சார் தப்பு? அதுவும் சேவைதானே?

இந்தக் கேள்வி கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். அது சேவை அல்ல. உங்களுடையதல்லாத பொருளை எடுத்து உங்கள் உறவுக்குக் கொடுப்பது. உங்கள் நேரத்தில், உங்கள் பணத்தில் உங்கள் சமயத்தாருக்கு எவ்வளவு வேண்டுமானாலும் செய்யுங்கள். அலுவலக நேரம் வரிசையில் நிற்பவர்களுடையது. கலீஃபா இரண்டாம் உமரைப் பற்றி ஒரு கதை வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அரசுக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தவரிடம் வந்தவர் சொந்த நலம் விசாரித்ததும், அரசு எண்ணெயில் எரிந்த விளக்கை அணைத்துவிட்டுத் தன் விளக்கை ஏற்றினாராம். நடந்ததோ இல்லையோ, பதிமூன்று நூற்றாண்டுகளாகப் பக்தியுள்ளவர்கள் எதைப் பக்தி என்று மெச்சியிருக்கிறார்கள் என்பது அதில் தெரிகிறது.

அசோகரின் கல்வெட்டுகளையும் பாருங்கள். கலிங்கப் போருக்குப் பிறகு பௌத்த தர்மத்தில் ஆழ்ந்தவர். ஆனால் தன் சமயத்தின் மேல் உள்ள பற்றால் அதை உயர்த்திப் பிற சமயத்தைத் தாழ்த்துபவன் தன் சமயத்துக்கே பெருங்கேடு செய்கிறான் என்று 12-ஆவது பாறைக் கல்வெட்டில் பொறித்தார். 6-ஆவதில் இன்னொரு கட்டளை: உண்ணும்போதோ அந்தப்புரத்திலோ தோட்டத்திலோ எங்கே இருந்தாலும் மக்களின் குறையை உடனே தனக்குத் தெரிவிக்க வேண்டும். மக்கள் என்றுதான் இருக்கிறது. பௌத்தர்கள் என்று இல்லை.

பதவிப் பிரமாணத்துல கடவுள் பேரைச் சொல்லித்தான் ஆகணுமா? சொல்லாட்டி நான் நாத்திகனா?

பல நாடுகளில் இரண்டு வழி உண்டு. இந்திய அரசியலமைப்பின் மூன்றாம் அட்டவணையும் கடவுளின் பெயரால் ஆணையிடலாம், அல்லது உளமார உறுதி கூறலாம் என்கிறது. இதில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம்: இங்கிலாந்தில் இந்த 'உறுதி கூறும்' வழியைச் சட்டத்தில் வாங்கிக்கொடுத்தவர்கள் நாத்திகர்கள் அல்ல. ஆணையிடுவதே கூடாது என்று வேதம் சொல்வதாக நம்பிய குவேக்கர்கள். 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிடைத்த அந்தச் சலுகை, பிராட்லாவின் போராட்டத்தால் 1888-இல் நம்பிக்கை இல்லாதவர்களுக்கும் விரிந்தது. ஆகவே எந்த வழியில் சொன்னாலும் உங்கள் பக்தி குறையாது. சொன்னபடி நடப்பதுதான் கஷ்டமான பகுதி.

என் நம்பிக்கைக்கு விரோதமான வேலையைச் செய்யச் சொன்னா என்ன பண்றது?

எல்லாவற்றிலும் கடினமான கேள்வி இதுதான். இரண்டு பேரை அருகருகே வைத்துப் பார்க்கிறேன். 1940 ஜூன், பிரான்சின் போர்தோ நகரம். நாஜிப் படைக்குத் தப்பி ஓடிவந்த அகதிகள் போர்ச்சுகல் துணைத் தூதரகத்தின் வாசலில் குவிந்திருந்தார்கள். யூதர்கள் உட்பட இன்னின்னாருக்கு முன் அனுமதி இல்லாமல் விசா தரக்கூடாது என்பது அரசாணை. துணைத் தூதர் அரிஸ்டிடெஸ் டி சௌசா மென்டிஸ், கத்தோலிக்கர். சில நாள் படுக்கையில் கிடந்து தவித்தார். எழுந்து, வந்தவர்களுக்கெல்லாம் கையெழுத்துப் போட்டார். அரசு அவரைத் தண்டித்தது. 1954-இல் வறுமையில் இறந்தார். இரண்டாவது, 2015-இல் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ஒரு பெண் பதிவு அதிகாரி. தன்பாலினத் திருமணத்தை உச்ச நீதிமன்றம் ஏற்ற பிறகும், தன் சமய நம்பிக்கைக்கு விரோதம் என்று உரிமம் தர மறுத்தார். நீதிமன்ற அவமதிப்புக்காகச் சில நாள் சிறையில் இருந்தார்.

இருவரும் மனசாட்சியைத்தான் சொன்னார்கள். நான் கேட்பது: விலை கொடுத்தது யார்? மென்டிஸின் நம்பிக்கைக்கு அவரே விலை கொடுத்தார்; வாசலில் நின்றவர்களுக்கு உயிர் கிடைத்தது. கென்டக்கியில், அதிகாரியும் சிறை சென்றார் என்றாலும், சட்டம் கொடுத்த உரிமையோடு வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். என் நம்பிக்கைக்கு ஆகும் செலவு என் சட்டைப்பையிலிருந்து போக வேண்டும், கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவரிடம் வசூலாகக் கூடாது. இந்த ஒரு அளவுகோலை எனக்கு நானே வைத்திருக்கிறேன். என் நண்பர்களில் சிலர் இதை ஏற்பதில்லை, அந்தப் பெண்மணிக்கு அநியாயம் செய்கிறேன் என்பார்கள். மறுத்து மறுத்துப் பேசியும் நான் மாறவில்லை.

நடைமுறையில் நடுவழிகளும் உண்டு. 2016-இல் அதே மாநிலம் உரிமப் படிவத்தில் அதிகாரியின் பெயர் வேண்டாம் என்று சட்டத்தை மாற்றியது. வந்தவருக்கும் காரியம் நடந்தது, அதிகாரிக்கும் உறுத்தல் குறைந்தது. வேலையைச் சக ஊழியருக்கு மாற்றிக்கொள்ள முடியுமா என்று முன்கூட்டியே மேலதிகாரியிடம் எழுத்தில் கேளுங்கள். எதுவும் முடியாவிட்டால் விலகுவது. 1960-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்ற ஜான் கென்னடி, மனசாட்சியும் நாட்டு நலனும் மோதும் நிலை வந்தால் பதவி விலகுவேன் என்று மதகுருமார்கள் கூட்டத்திலேயே சொன்னார். நாற்காலியில் உட்கார்ந்தபடி வேலையை மறுப்பதைவிட எழுந்துபோவது நேர்மையானது.

'கடவுள்தான் என்னை இந்த இடத்துல வெச்சிருக்கார்'னு நினைக்கறது தப்பா?

பொறுப்பு கூடுமானால் தப்பில்லை. 'அதனால் நான் செய்வது சரி' என்று அடுத்த வரி வந்தால் பயப்படுங்கள். இங்கிலாந்துப் படைத்தலைவர் ஆலிவர் குரோம்வெல் 1650-இல் ஸ்காட்லாந்துத் திருச்சபைக்கு எழுதிய கடிதத்தில், நீங்கள் தவறாக இருக்கக்கூடும் என்று கிறிஸ்துவின் பெயரால் யோசித்துப் பாருங்கள் என மன்றாடினார். அருமையான வேண்டுகோள். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டுதான் அயர்லாந்தின் ட்ரோகெடா நகரில் நடந்த படுகொலையைக் கடவுளின் நீதித் தீர்ப்பு என்று அதே கை எழுதியிருந்தது. மற்றவரிடம் கேட்டதை அவர் தன்னிடம் கேட்டிருந்தால்!

உங்களை மறுத்துப் பேசக்கூடிய ஒருவரை, முடிந்தால் வேறு நம்பிக்கை உள்ளவரை, பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு நம்பிக்கையே போயிடுச்சு. ஆனா வேலையை மட்டும் முன்ன மாதிரியே செய்யறேன். இது வேஷமா?

இதைக் கேட்டவர் ஒரு செவிலியர். கண் கலங்கியிருந்தது. அன்னை தெரசாவின் கடிதங்கள் அவர் இறந்து 10 ஆண்டுகள் கழித்து, 2007-இல் வெளியானதை அவருக்குச் சொன்னேன். பல பத்தாண்டுகள் கடவுளின் இருப்பையே உணர முடியாத இருட்டில் இருந்ததாக அவற்றில் எழுதியிருந்தார். வெளியே யாருக்கும் தெரியாது. காலையில் எழுந்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். வேஷம் என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உணர்ச்சி வற்றிய பிறகும் கொடுத்த வாக்கில் நிற்பதற்கும் நம்பிக்கை என்றுதான் பெயர்.

ஒருவேளை உங்களுக்கு அது திரும்பி வராமலே போகலாம். அப்போது பிராட்லாவைப் பற்றி மேலே எழுதியதை மறுபடி படியுங்கள். அந்தச் செவிலியர் நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, 'சரி, எனக்கு ராத்திரி ஷிஃப்ட் இருக்கு' என்று கிளம்பிப் போனார்.